பிள்ளைகள் பழகும் மைதானத்துக்கு நாமும் போவோம்

(திருகோணமலைச் சுற்றுலாவின் இரண்டாம் நாள் பின்னேரம், சாம்பல்தீவில் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் நலன்புரி உத்தியோகத்தர் பேசிய பேச்சு)



எல்லோரும் களைத்துப் போயிருக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நடுச்சாமத்தில் பஸ் ஏறி, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வந்து சேர்ந்தோம். கன்னியாவில் ஏழு கிணற்றிலும் குளித்தோம். இன்று காலை கோணேசர் மலையேறிக் கும்பிட்டோம். மலைப் பாதைக்குப் பழகிய நம் கால்களுக்கு ஏற்றம் பெரிதில்லை, இந்த வெயில்தான் பெரிது. பாட்டிமார் இரண்டு பேர் அங்கே பாயில் சரிந்து விட்டார்கள், அவர்களை எழுப்ப வேண்டாம். தேத்தண்ணி கொதித்து வரும் வரைக்கும் ஒரு விசயம் பேசிவிட்டு விடுகிறோம்.

இந்த இடத்தைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில், ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் களப்புமாக இருக்கிற ஊர் சாம்பல்தீவு. நம்மில் சிலருக்கு இந்த மாவட்டத்தில் சொந்தக்காரர் உண்டு. 1977ஆம் ஆண்டுக் கலவரத்திலும் 1983ஆம் ஆண்டுக் கலவரத்திலும் மலையை விட்டுப் போனவர்களில் ஒரு பகுதியினர் வவுனியா, கிளிநொச்சி என்று போனது போல இந்தப் பக்கமும் வந்து குடியேறினார்கள். நேற்று இரவு நமக்குச் சோறு ஆக்கிப் போட்ட வீடும் அப்படி வந்த வீடுதான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்து இந்தக் கரையெல்லாம் அடித்துப் போனது. அதற்கு முன்னும் பின்னும் சண்டைக் காலம். இத்தனையும் பார்த்த சனம்தான் இங்கே நமக்குப் பாய் விரித்துப் போட்டிருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் உங்களில் பாதிப்பேர் கடலுக்குப் போய்விட்டீர்கள். நாங்கள் நாலைந்து பேர் கால் வலியென்று பின்தங்கி, பிள்ளைகள் பந்து விளையாடும் வெளிப்பக்கம் நடந்து போனோம். பாடசாலைப் பெடியன்கள் உதைபந்து பழகிக்கொண்டிருந்தார்கள். திருகோணமலைக்காரருக்கு உதைபந்தென்றால் உயிர். மணல் தரை, பாதிப்பேருக்குச் சப்பாத்துக் கிடையாது. இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. நம் பிள்ளைகளும் அப்படித்தான் ஓடுகிறார்கள். புதிதாக இருந்தது மைதானத்து ஓரம்.

ஓரத்தில் ஆட்கள் இருந்தார்கள். பெரிய கூட்டம் இல்லை, பத்துப் பன்னிரண்டு பேர் வரும். வேப்ப மரத்தடியில் மூன்று நான்கு தாய்மார், ஒருவர் மடியில் கைக்குழந்தை. சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்த அப்பாமார். இராத்திரிக் கடலுக்குப் போகிற ஆட்கள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஒருவரும் கத்தவில்லை, கை தட்டவும் இல்லை. போட்டி நடக்கவில்லையே, வெறும் பழக்கம்தானே. அவர்கள் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டு இருந்தார்கள். ஒரு பெடியன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஒரு அம்மா எழும்பி நின்று பார்த்தார். அவன் எழும்பி ஓடியதும் திரும்ப உட்கார்ந்து விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

நாங்கள் போய் அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தோம். அவருடைய தாயும் தகப்பனும் மலையில் கொழுந்து பறித்த ஆட்கள்தானாம். "தினமும் வருவீங்களா?" என்று கேட்டோம். "எங்க ஐயா தினமும்? கிழமைக்கு ரெண்டு நாள் வந்தா பெரிசு. அவன் என்னைப் பார்க்க மாட்டான், பெடியன்மார் பகிடி பண்ணுவாங்க எண்டு வெட்கம். ஆனா வந்த உடனே ஒருக்கா மரத்தடியைப் பார்ப்பான். நான் இருக்கிறனா எண்டு. பிறகு பந்துதான்" என்றார்.

பக்கத்தில் இருந்த ஒரு முதியவர் இன்னொன்று சொன்னார். "தம்பி, சண்டைக் காலத்தில பிள்ளை பொழுதுபட வெளியில நிண்டா நெஞ்சு பதறும். தேடிக்கொண்டு வந்து கூட்டிக்கொண்டு போவம். சுனாமிக்குப் பிறகும் அப்பிடித்தான், கண்ணுக்குள்ளயே வைச்சிருக்க வேணும் போல கிடக்கும். அப்பிடி வந்து வந்து இருந்து பழகிட்டுது. இப்ப பயம் இல்லை. ஆனாலும் வாறம்" என்றார். பயத்தில் பிடித்த பழக்கம், பயம் போன பிறகும் விட மனமில்லாமல் ஒட்டிக்கொண்டது. நேற்று இரவெல்லாம் இதுதான் எங்கள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இனி நம் கதைக்கு வருவோம்.

நம் பிள்ளைகள் பழகும் மைதானத்து ஓரத்தில் யார் இருக்கிறார்கள்? பி.டி. மாஸ்டர் ஒருவர் இருப்பார். சில நாட்களில் அவரும் இருக்க மாட்டார், கூட்டத்துக்குப் போயிருப்பார். இரண்டு நாய் இருக்கும். வேலியோரம் வேலையில்லாத வாலிபர்கள் நாலு பேர் நின்று பெண்பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பெற்றோர் யாரும் இருக்க மாட்டார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி அன்றைக்குக்கூட பாதிப் பெற்றோர் வருவதில்லை. பழகும் நாளில் எவர் வரப்போகிறார்?

இதைக் குறையாகச் சொல்ல நாங்கள் வரவில்லை. பாடசாலைக் கூட்டங்களில் சில பேர் எழும்பி, "தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை கிடையாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறார்கள். எங்களுக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். அப்படிச் சொல்பவர் ஒரு நாள் காலைப் பெரட்டுக்கு வந்து நிற்கட்டும். பிறகு மலைக்கு வந்து பின்னேர நிறுவை முடியும் வரைக்கும் கூடையோடு நிற்கட்டும். பிள்ளைகள் பழகுவது பாடசாலை விட்ட பிறகு. நிறுவை நடப்பதும் அந்த நேரத்திலேதான். நிறுவைக்கு நிற்காவிட்டால் கிலோ போய்விடும், கிலோ குறைந்தால் பேர் அரைப்பேராகும். கொழுந்து கொட்டிவிட்டு லயத்துக்கு வந்தால் தண்ணி பிடிக்க வேண்டும், விறகு வேண்டும், பிள்ளைமடுவத்தில் விட்ட குழந்தையைத் தூக்கி வர வேண்டும். இராத்திரிக் கடலுக்குப் போகிற மனிதருக்குப் பின்னேரம் ஓய்வு. நமக்குப் பின்னேரம்தான் நெருக்கடி. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு சாம்பல்தீவைப் பார், நீ ஏன் இப்படியில்லை என்று கேட்டால் அது அநியாயம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நேரமில்லை என்பது பாதிக் காரணம். மறுபாதி வேறு. நம்மால் அங்கே போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. இந்த உடுப்போடு எப்படிப் போவது, மாஸ்டர் ஏதும் கேட்டால் என்ன பேசுவது, பிள்ளைக்கு வெட்கமாக இருக்குமே என்று நினைக்கிறோம். எங்களுக்கு இது எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டிலேயே நடந்தது.

நாங்கள் 1990களின் நடுவில் பாடசாலையில் படித்தோம். 1500 மீற்றர் ஓடுவோம். எங்கள் அப்பா கவ்வாத்து வெட்டுகிற ஆள். ஒரு நாள் வலய மட்டப் போட்டிக்குப் பழகிக்கொண்டிருக்கிறோம். மைதானத்தின் மேல் பக்கம் தேயிலை மலை. மூன்றாவது சுற்று ஓடி வரும்போது பார்த்தால், மேலே தேயிலைச் செடிக்குள் ஒரு ஆள் நிற்கிறார். இடுப்பில் படங்குச் சாக்கு, கையில் கவ்வாத்துக் கத்தி, தலையில் துண்டு. அப்பாதான். வெளியே வந்து நிற்காமல் செடி மறைவிலேயே நின்றார். கூட ஓடிய டவுன் பையன் ஒருவன், "அங்க பாருடா, ஒரு ஆள் ஒளிஞ்சு நிக்குது" என்று சிரித்தான். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவனோடு சேர்ந்து சிரித்தோம். அது எங்கள் அப்பா என்று சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகு அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை, நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. இராத்திரி ரொட்டி சுட்டு, எங்களுக்கு மட்டும் ஒன்று கூடுதலாக வைக்கச் சொன்னார் அம்மாவிடம். "ஓடுற பிள்ளை" என்றார். பிறகு அவர் மைதானப் பக்கம் வரவே இல்லை. அவர் போய் இப்போது பதினொரு வருடம்.

இதை இத்தனை பேர் முன்னால் இன்றைக்குத்தான் சொல்கிறோம். சரி.

நம் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு ஓட்டம் பிறவியிலேயே வந்தது. காலையும் மாலையும் ஏற்ற இறக்கத்தில் பாடசாலைக்கு நடந்து போகிற கால்கள். ஆனால் கால் மட்டும் போதாது. அந்தக் காலைப் பார்த்து, இது என்ன கால் என்று சொல்ல ஒரு கண் வேண்டும். முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தாத்தா 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு இங்கே வந்தவர். அப்பா கண்டியில் பிஸ்கட் செய்யும் தொழில் நடத்தியவர். முரளி கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படிக்கும்போது ஆரம்பத்தில் மிதவேகப் பந்துதான் போட்டார். பதினான்கு வயதில் அங்கிருந்த பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, நீ சுழல் பந்து போடு என்று மாற்றிவிட்டார். அவர் பழகும்போது தினமும் நின்று பார்த்த ஒரு கண் இல்லாவிட்டால் அந்த மாற்றம் வந்திருக்குமா? 2010 ஜூலையில் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட் எடுத்தபோது உலகமே பார்த்தது. உலகம் பார்க்கிற காலம் வரும் முன்னே பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேராகத்தான் இருந்திருப்பார்கள்.

அதற்கும் முன்னாலே நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உயரம் பாய்ந்து பழகியவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக், 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக் இரண்டுக்கும் போனார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்த முதல் தங்கம் அது. பெரியவிளான் என்ற கிராமத்துப் பிள்ளை அவர்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நம் மகனும் முரளியாவான் என்று நாளைக்கே கடன் வாங்கிச் சப்பாத்து வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆயிரத்தில் ஒருவர்கூட அப்படி வருவதில்லை. அதற்காக நாங்கள் மைதானத்துக்கு வரச் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை நம்மோடு வாய் திறந்து பேசுகிறதா? "சாப்பிட்டியா", "ம்". "படிச்சியா", "ம்". அவ்வளவுதான் லயத்துக்குள் நடக்கிற பேச்சு. அதே பிள்ளை மைதானத்தில் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். தோற்றால் என்ன செய்கிறது, விழுந்தவனைத் தூக்குகிறதா, யாரோடு சேருகிறது, யாரைக் கண்டால் ஒதுங்குகிறது, எல்லாம் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். வீட்டில் வருடக்கணக்கில் கேட்டாலும் கிடைக்காத விசயம் அங்கே சும்மா கிடைக்கும்.

இன்னொரு காரணம் உண்டு. இது கொஞ்சம் பாரமானது. 2024 மார்ச் மாதம் இதே கிழக்கு மாகாணத்தில், அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில், இல்ல விளையாட்டுப் போட்டிக்கான மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் சுகவீனமாகி உயிரிழந்தான். கேட்டவர் நெஞ்செல்லாம் பதறிய சம்பவம். அந்த வெயில் காலத்தில் கல்வி அமைச்சும் கடும் சூட்டில் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவது பற்றிப் பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் கொடுத்தது. நமக்கு மலையில் குளிர்தானே என்று நினைக்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் மலையிலும் நடுப்பகல் சுடுகிறது. பிள்ளை காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, மத்தியானம் ஒன்றும் தின்னாமல் ஓடும். ஒரு மாஸ்டர் ஐம்பது அறுபது பிள்ளைகளில் எவரைப் பார்ப்பார்? தன் பிள்ளையின் முகம் வாடுவதை முதலில் கண்டுபிடிப்பது தாய்தான். தலைசுற்று, வாந்தி, கதை தடுமாறுவது, நடை தள்ளாடுவது கண்டால் உடனே நிறுத்தி நிழலுக்குக் கொண்டு போங்கள். உடம்பைத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். நல்ல நினைவு இருந்தால் மட்டும் குடிக்கக் கொடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கிடையாது. தோட்டத்து லொறியை எதிர்பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

பழகப் போகிற நாளில் வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது. ரொட்டி ஒன்று, சம்பல், முடிந்தால் அவித்த கடலையோ முட்டையோ, ஒரு போத்தல் தண்ணீர். இன்னொன்று சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. நம் பெண்பிள்ளைகளுக்கு இரத்தம் குறைவு என்று மருத்துவ மாது ஒவ்வொரு முறையும் சொல்கிறார். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். தேயிலையை நம்பிப் பிழைக்கிற நாமே தேயிலையைக் குறை சொல்கிறோம் என்று துரைக்குச் சொல்லிவிடாதீர்கள்.

பெண்பிள்ளைகள் என்றோம். இதைக் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும்.

ஏழாம் எட்டாம் வகுப்பு வரைக்கும் நம் பெண்பிள்ளைகள் வலைப்பந்து, ஓட்டம் எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிறார்கள். பெரியவளானதும் நிறுத்திவிடுகிறோம். கேட்டால், "ஊர் ஏதும் சொல்லும்" என்போம். நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பார்த்ததில், ஊர்ப் பேச்சைவிடப் பெரிய காரணம் பாதை. மைதானத்திலிருந்து லயத்துக்கு மூன்று மைல், இரண்டு பக்கமும் தேயிலை, பழகி முடியும்போது பனி இறங்கி இருட்டிவிடும். சிறுத்தை நடமாடுகிற மலை, குளவிக் கூடு இருக்கிற மரம். அதைவிட, பாதையோரம் போத்தலோடு உட்கார்ந்திருக்கிற ஆட்கள். தாய் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குப் பிள்ளையை நிறுத்துவதுதான் மருந்தா? பாதைக்கு ஒரு ஆள் போட்டால் போதாதா?

வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தை டீவியில் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பிள்ளை. ஆறடி பத்து அங்குலம் உயரம். அந்த உயரத்துக்காகச் சின்ன வயதில் எவ்வளவு கேலி பட்டேன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதே உயரம்தான் 2009, 2018, 2022 என்று மூன்று முறை இலங்கை ஆசியக் கிண்ணத்தை எடுக்க உதவியது. நம் லயத்தில் ஒரு பெண்பிள்ளை கொஞ்சம் உயரமாக வளர்ந்தால், "இவளுக்கு எங்க மாப்பிள்ளை தேடுறது" என்றுதான் முதல் பேச்சு வருகிறது.

எங்கள் மகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கலாம் அல்லவா? அவள் பத்தாம் வகுப்பு. நீளம் பாய்வாள். ஒவ்வொரு புதனும் வெள்ளியும் பழக்கம். நாங்கள் கூட்டம், அறிக்கை, வீட்டுத் திட்டம் என்று ஓடிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் கூடப் போகவில்லை. ஒரு நாள் சும்மா, "என்னம்மா, பாய்ச்சல் எப்படி?" என்று கேட்டோம். "அதை விட்டு மூணு மாசமாச்சுப்பா" என்றாள். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் விட்டாய் என்றால், கால் வலித்ததாம், யாரிடம் சொல்வது என்று தெரியவில்லையாம். "சொல்லியிருக்கலாமே" என்றோம். "நீங்க கேக்கலையே" என்றாள். செடி மறைவில் நின்ற அப்பாவாவது வந்து பார்த்தார். நாங்கள் அதுவும் செய்யவில்லை.

இப்போது அவள் திரும்பவும் பாய்கிறாள். காலை வைத்தியசாலையில் காட்டினோம், பெரிதாக ஒன்றுமில்லை. முடிந்த வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் போகிறோம். முதல் நாள் அவள் எங்களைப் பார்த்த பார்வையில் சந்தோசம் ஒன்றும் தெரியவில்லை. "ஏன் வந்தீங்க" என்பது போலத்தான் இருந்தது. இரண்டாவது வாரம், தண்ணிப் போத்தலை எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மைதானத்துக்கு வந்தால் எப்படி இருப்பது என்றும் பேச வேண்டும். சில அப்பாமார் வந்தால் வராமலே இருந்திருக்கலாம் போல ஆகிவிடுகிறது. ஓரத்தில் நின்று "அங்க அடி, இங்க ஓடு" என்று கத்துவது. மாஸ்டர் ஒன்று சொல்ல அப்பா ஒன்று சொல்ல, பிள்ளை நடுவில் முழிக்கும். பழக்குவது மாஸ்டர் வேலை. "அவனைப் பார், நீ ஏன் இப்படி ஓடுறே" என்று பத்துப் பேர் முன்னால் சொல்வதை விட ஒரு அடி அடித்தால்கூடப் பிள்ளை மறந்துவிடும். தோற்று வருகிற பிள்ளையிடம் வழியெல்லாம் அந்தத் தோல்வியையே பேசிக்கொண்டு வராதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள், போதும். பிறகு, தண்ணி போட்டுவிட்டு வருகிறவர் தயவுசெய்து வர வேண்டாம். சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்களில் இரண்டு பேரை எங்களுக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று. அங்கே போய்ப் பேச வேண்டிய அவசியமே கிடையாது. விளையாட்டுச் சட்டம் தெரிய வேண்டியதில்லை. கொழுந்துக் கூடையோடு வந்தாலும் சரி, கவ்வாத்து உடுப்போடு வந்தாலும் சரி. செடிக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள். முன்னால் வந்து நில்லுங்கள்.

எல்லோரும் வர முடியாது. அதனால் ஒரு யோசனை. ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு வீடு இருக்கிறது. விளையாடுகிற பிள்ளைகள் அஞ்சாறு பேர் இருப்பார்கள். கோயில் திருவிழாவுக்கு முறை வைக்கிறோம், தண்ணிப் பீலிக்கு முறை வைக்கிறோம். அது போல இதற்கும் முறை வைத்தால் என்ன? ஒரு புதனுக்கு ஒரு வீடு. அந்த வீட்டிலிருந்து ஒருவர் போய்க் கடைசி அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, அந்த லயத்துப் பிள்ளைகள் எல்லோரையும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளை, ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வரட்டும். ஒரு வீட்டுக்கு ஆறு கிழமைக்கு ஒரு முறைதான் வரும். பென்சன் எடுத்த தாத்தாமார், பாட்டிமாரும் முறைக்கு நிற்கலாம். அவர்களுக்கும் ஒரு பொழுது போகும்.

முறைக்காரர் அன்றைக்கு மட்டும் நிறுவையில் முன்னால் நின்று கொழுந்து கொட்டிவிட்டுப் போக விடுவார்களா என்று ஒரு தங்கச்சி பஸ்ஸிலே கேட்டார். நல்ல கேள்வி. வெளிக்கள உத்தியோகத்தரிடமும் தலைவர்மாரிடமும் கேட்டுப் பார்க்கிறோம். கிடைக்கும் என்று இப்போது வாக்குக் கொடுக்க மாட்டோம். கிடைக்காத ஒன்றை மேடையில் சொல்லிவிட்டு பிறகு உங்கள் முகத்தில் முழிக்க முடியாது. அது கிடைக்கும் வரைக்கும் அண்டை வீட்டுக்காரர் உங்கள் கூடையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாமே. பிள்ளைப்பேறு வீட்டுக்கு அப்படிச் செய்கிற சனம்தானே நாம்.

அதோடு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நாமும் அங்கத்தவர்கள். கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம். மைதானத்தில் குடிக்கத் தண்ணீர் வேண்டும், முதலுதவிப் பெட்டி வேண்டும், பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஒரு அறையும் மலசலகூடமும் வேண்டும் என்று எழும்பிக் கேளுங்கள். இரண்டு முறை மைதானத்தில் போய் இருந்துவிட்டு வந்தவருக்குத்தான் அங்கே என்ன இல்லை என்று தெரியும். அதிபரும் அப்படிப்பட்டவர் கேட்டால் மறுக்க மாட்டார்.

தேத்தண்ணி வந்துவிட்டது. பிளேன்டீதான், சீனி தனியாக இருக்கிறது. பெயர் எழுத ஒரு கொப்பியை இந்த மேசையில் வைக்கிறோம். லய இலக்கத்தையும், எந்தப் புதன் முடியும் என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் மகனிடமோ மகளிடமோ சொல்லி எழுதச் சொல்லுங்கள், அவர்களுக்கும் விசயம் தெரிந்துவிடும். பஸ் நாளை விடியற்காலை நாலு மணிக்கு வெளிக்கிடும். அதற்கு முன், இப்போது மைதானத்தில் பெடியன்மார் பழக வந்திருப்பார்கள். பார்க்க விரும்புகிறவர்கள் எங்களோடு நடந்து வரலாம், மரத்தடியில் இடம் இருக்கிறது.